ஆள் வராத மாதத்தை வைத்து முடிவெடுங்கள்: வன்னியில் பெண்கள் சங்கம் நடத்தும் தங்குமிடத்துக்கு நான்கு வழிகள்

மாதர் சங்கக் கூட்டத்தில் “எங்கட ஊரிலயும் வெளியாக்கள் வந்து தங்கிறதுக்கு ஒரு இடம் செய்வம்” என்று ஒருவர் சொன்னால், அடுத்த பேச்சு கட்டடத்துக்குப் போய்விடும். எத்தனை அறை, ஓடா தகரமா, ஏசி போடுவதா, அடிக்கல் நாட்ட யாரைக் கூப்பிடுவது. பூட்டிக் கிடக்கும் பொதுக்கட்டடம் வன்னிக்குப் புதிதல்ல. அதனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: நவம்பரில் மழை பிடித்து, 40 நாளுக்கு ஒருவரும் வராவிட்டால் இந்த ஏற்பாடு யாரிடம் காசு கேட்கும்?

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வழிகளைப் பார்க்கலாம். உறுப்பினர் வீடுகளில் ஆளுக்கொரு அறை. சங்கக் காணியில் பொது விடுதி. குளக்கரைக் கூடாரம். வெளிக் கொம்பனிக்குக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்து வருமானத்தில் பங்கு வாங்குவது.

வருவது யார், எப்போது

நான்கு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது.

பறவை பார்க்க வருபவர்கள் சுண்டிக்குளம், கொக்கிளாய், வங்காலை, கட்டுக்கரைக்குளம் என்று போவார்கள். வலசைப் பறவைகள் ஒக்டோபரில் இறங்கத் தொடங்கி மார்ச் வரை நிற்கும். ஆனால் அந்தக் காலத்தின் முதற்பாதியை வடகீழ்ப் பருவமழை தின்றுவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே நம்பிக் கணக்குப் போடக்கூடியது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முடிய, பத்து அல்லது பதினொரு கிழமை. இவர்கள் கேட்பது காலை ஐந்து மணிக்குத் தேத்தண்ணீரும் அமைதியும்தான். ஏசி கேட்கமாட்டார்கள்.

வெளிநாட்டில் இருந்து ஊர் வருபவர்கள் ஜூலை, ஓகஸ்டில் பிள்ளைகளோடு வருவார்கள். இவர்களுக்கு அறையோடு சேர்ந்த குளியலறையும் இருந்து எழும்பும் மலசலகூடமும் (கொமோட்) வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னேரமே வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வாகனத்தைத் திருப்பிவிடுவார்கள். மூன்றாவது, மடு ஆவணித் திருவிழாவுக்கும் வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கும் வருகிற கூட்டம் பெரும்பாலும் கோயில் சுற்றாடலிலேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும். அவர்களுக்கு அறையை விற்க முனைவது வீண், சாப்பாட்டை விற்கலாம்.

நான்காவது கூட்டத்தைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள். வீதி வேலை மேற்பார்வையாளர், நில அளவையாளர், நிறுவனங்களின் களப்பணியாளர், மாற்றலாகி வந்து வீடு தேடும் ஆசிரியர். இவர்கள் குறைந்த காசுதான் கொடுப்பார்கள், கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு கேட்பார்கள். ஆனால் கிழமை நாளில் வருவார்கள், மழையிலும் வருவார்கள். வெறும் மாதத்தில் அடுப்பு எரிவது இவர்களால்.

வீட்டு அறை

ஏற்கெனவே நிற்கும் வீட்டில் 10 அடிக்கு 12 அடி அறை ஒன்றை ஒதுக்குவதுதான் இந்த வழி. ஆள் வராத மாதத்தில் அந்த அறையில் பிள்ளை படிக்கும், நெல்மூட்டை இருக்கும். யாருக்கும் கடன் நிற்காது. சங்கமே நடத்தும் வழிகளில் இந்தக் குணம் இதற்குத்தான் கூட.

அறைக்கு வேண்டியவை அதிகமில்லை, ஆனால் குறைக்கக்கூடாதவை. தரையில் பாய் விரிப்பது நமக்குச் சுகம். விருந்தினருக்குக் கட்டில் கட்டாயம். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பது தெரிந்த விஷயம். கட்டிலும், மெத்தைக்குக் கீழே சுற்றிவரச் செருகிய நுளம்பு வலையும் பாம்பையும் நுளம்பையும் தடுக்கும். வலையைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது, செருகிக் காட்டிக்கொடுக்க வேண்டும். கட்டில் விரிப்பு கட்டிலுக்கு மூன்று: ஒன்று விரித்தது, ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது என்பதால் நான்காவது ஒன்று வேண்டும். விரிப்பும் துவாயும் வெள்ளையில் வாங்குங்கள். நிறத்துணியில் அழுக்குத் தெரியாது என்று நினைப்பது வீட்டுக்காரருக்குச் சரி. விருந்தினருக்கு அதுவே சந்தேகம்.

தண்ணீரில்தான் கூடுதலான வீடுகள் தவறும். வன்னி வெக்கையில் ஒருவர் இரண்டு தரம் குளிப்பார், ஆளுக்கு 150 லீற்றர் என்று வையுங்கள். 1,000 லீற்றர்த் தாங்கி ஆறு பேருக்குச் சரி, அதுவும் ஓகஸ்டில் கிணறு இறங்காமல் இருந்தால். அறையை ஒப்புக்கொள்ளுமுன் அந்த வீட்டுக் கிணற்றை ஓகஸ்ட் கடைசியில் பார்க்க வேண்டும். தை மாதத்தில் எல்லாக் கிணறும் அழகுதான். கழிவுக் குழியிலிருந்து கிணறு 50 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். மன்னார்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவு நீர் வேகமாக ஓடும், அங்கே இந்தத் தூரமும் போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து காட்டிவிட்டே குழி வெட்டுங்கள். கரையோரத்தில் குடிக்கும் தண்ணீர் உவர்க்கும், கரையைவிட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் சுண்ணாம்பு கூடிய கல்லுத்தண்ணீர். சுத்திகரித்த தண்ணீரைப் பெரிய கானில் வாங்கிக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தால் பிளாஸ்டிக் போத்தல் குவியாது, செலவும் குறையும்.

அடுத்தது முறை. எந்த வீட்டுக்கு எந்த ஆள் என்பதை வீட்டுக்காரர் தீர்மானித்தால், வீதியோர வீடு நிறையும், உள்வீதி வீடு காயும், ஆறு மாதத்தில் சங்கம் உடையும். நேபாளத்தில் சிருபாரி என்ற மலைக்கிராமம் 1997இல் வீட்டுத் தங்கலைத் தொடங்கியபோது, வருபவரைக் கிராமக் குழுவே வரவேற்று வரிசைப்படி வீடுகளுக்குப் பிரித்துவிட்டது. வன்னியிலும் அதே வரிசைப் புத்தகம் வேண்டும். இதில் வரும் சிக்கல் ஒன்று: போன வருசம் வந்தவர் அதே வீட்டையே கேட்பார். மறுக்கவேண்டாம். கேட்ட வீட்டைக் கொடுத்து, அந்த வீட்டின் அடுத்த முறையை வெட்டிவிடுங்கள். இந்த விதியை முதல் கூட்டத்திலேயே எழுதாவிட்டால், பிறகு எழுதும்போது அது ஒரு வீட்டுக்கு எதிரான விதியாகத் தோன்றும்.

பெண் தலைமை வீடுகள் வன்னியில் பல. அங்கே முன்பின் தெரியாத ஆணைத் தங்கவைத்தால் ஊர்வாய் சும்மா இருக்காது. அதை அற்பம் என்று தள்ளமுடியாது, அந்த வாயோடுதான் அவர் நாளைக்கும் சீவிக்க வேண்டும். தனியாக வரும் ஆணைக் குடும்பமாக வாழும் வீட்டுக்கும், பெண் பயணிகளையும் குடும்பங்களையும் பெண் தலைமை வீட்டுக்கும் அனுப்பும் ஒழுங்கு நன்றாக நிற்கும். அறைக்கு வெளியில் இருந்தே நுழையும் தனிக்கதவு, உள்ளிருந்து போடும் கொண்டி, அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ பார்த்து எழுதும் பதிவேடு, மதுவுக்கு இடமில்லை என்ற பலகை, இந்த நான்கும் இல்லாமல் முதல் ஆளை ஏற்காதீர்கள். அந்தப் பலகையில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும்: சண்டையில் யாரை இழந்தீர்கள் என்று வீட்டாரைக் கேட்கவேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். விருந்தினருக்கு இடியப்பமும் சொதியும் விற்கலாம், துக்கத்தை விற்க முடியாது.

காசு எப்படிப் போகும் என்று ஓர் உதாரணக் கணக்கு. இரண்டு பேருக்கு அறை, இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு சேர்த்து 6,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 3,000. சமையலுக்கு 1,800, அதில் சாமான் 1,100, கூலி 700. சங்கத்துக்கு 600. திருத்த நிதிக்கு 600. நான்கு வீடு, மாதம் வீட்டுக்கு நான்கு இரவு என்றால் மொத்தம் 96,000 ரூபா. ஒரு வீட்டின் கையில் 12,000. இது பெரிய காசு இல்லை. மாடு வளர்ப்போடும் தோட்டத்தோடும் சேர்ந்து வரும் பக்கக் காசு. அப்படியே சொல்லி ஆளைச் சேருங்கள்.

கணக்கைத் திரும்பப் பார்த்தால் இன்னொன்று தெரியும்: சமையற் கூலி அறை இல்லாத பெண்ணுக்கும் போகிறது. அறை கொடுக்க வசதியுள்ள வீடு ஊரில் ஓரளவு நல்ல வீடாகத்தான் இருக்கும். சாப்பாட்டைப் பொதுக் குசினியில் சமைத்து வீடுகளுக்கு அனுப்பினால்தான் தகரக் கொட்டிலில் இருப்பவருக்கும் பங்கு வரும். புட்டு, முருங்கையிலைச் சுண்டல், குளத்து மீன் குழம்பு, கூழ் நாள் என்று கிழமைக்கு ஒரு பட்டியல் போதும். வன்னிப் பசிக்கு ஒரு கிலோ அரிசியை ஆறு பேருக்குக் கணக்கிடுங்கள்.

பொது விடுதி

சங்கக் காணியில் நான்கு மண்குடில், நடுவில் சாப்பாட்டு மால். படத்தில் மிக அழகாக இருப்பது இதுதான், கொடையாளருக்குப் பிடித்ததும் இதுதான். கூட்டுப்பணி வெளியில் தெரியும், பெண்கள் வீட்டை விட்டு வந்து வேலை செய்யும் இடம் கிடைக்கும், ஊர்வாய்ச் சிக்கலும் குறையும். இவை உண்மையான நன்மைகள்.

இனி மறுபக்கம். உதாரணத்துக்குக் குடில் ஒன்று 8 இலட்சம், குசினி, கிணறு, மலசலகூடம், மின்சாரம் 18 இலட்சம் என்றால் 50 இலட்சம். அது கொடையாகவே வந்தாலும், காவலாளி 35,000, துப்புரவு 20,000, மின்சாரம் 8,000 என மாதம் 63,000 ரூபா ஆள் வந்தாலும் வராவிட்டாலும் போகும். கட்டடப் பெறுமதியில் வருசம் 5 சதவீதம் திருத்தத்துக்கு வைத்தால் மாதம் இன்னும் ஏறக்குறைய 21,000. மொத்தம் 84,000. ஓர் அறைக்கு ஓர் இரவில் சாப்பாட்டுச் செலவு போக 3,500 மிஞ்சினால், மாதத்தில் 24 அறை-இரவு நிறையும்வரை ஒரு சதமும் இலாபமில்லை. பெப்ரவரியில் அது இலகு. நவம்பரில் காவலாளியின் சம்பளம் உறுப்பினர் சேமிப்பிலிருந்து போகும், அங்கேதான் சண்டை தொடங்கும்.

மண்குடில் கட்டுவதானால் இவற்றைக் கவனியுங்கள். கல்லும் சீமெந்தும் வைத்த அத்திவாரம் நிலத்துக்கு மேல் ஒன்றரை அடி வர வேண்டும். குறைந்தால் மழைத் தெறிப்பு சுவரின் அடியைக் கரைக்கும். கூரைத் தாழ்வாரம் சுவருக்கு வெளியே இரண்டரை அடியாவது நீளட்டும். கறையான் மண்ணிலிருந்து சுவருக்குள்ளாலேயே ஏறிக் கூரை வளைக்குப் போகும், ஆகையால் அத்திவார மேற்தளத்தில் சீமெந்துப் படை ஒன்று ஓடவிட்டு, வளைக்கும் கைமரத்துக்கும் வைரம் பாய்ந்த பனையைப் போடுங்கள். கிடுகு ஒரு வருசம், நன்றாக மேய்ந்தால் இரண்டு. பனையோலை அதைவிடக் கூட நிற்கும். ஒழுகுகிறது என்று ஓலைக்கு மேல் படங்கு விரிப்பது பலர் செய்யும் பிழை. ஈரம் உள்ளே அடைபட்டு ஓலை கீழிருந்து உளுத்துப்போகும், குடிலும் அவியும். சுவர் மெழுக்கை ஒவ்வொரு வருசமும் மழை விட்டதும், பொங்கலுக்கு வீடு மெழுகும் கையோடு செய்துவிடலாம். இந்த வேலை தெரிந்த பெண்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி எழுதுங்கள், சிரமதானம் என்று சொல்லி வாங்காதீர்கள்.

காணியைப் பற்றி ஒரு வார்த்தை. வன்னியில் பெருமளவு காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த உத்தரவுப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைக் குத்தகைக்கு விடவோ கைமாற்றவோ முடியாது. பத்திரம் கணவன் பெயரில் இருக்க, மனைவி சங்கத்தில் ஒப்பந்தம் வைத்தால் அந்தக் கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை. வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையை 2022 திருத்தம் நீக்கியது. பழைய பத்திரங்களில் பின்னுரித்தாளர் (பத்திரக்காரருக்குப் பிறகு காணி சேரும் ஆள்) யார் என்று பார்த்துத் திருத்திக்கொள்ள இது நல்ல சாட்டு.

கூடாரம்

முதலீடு குறைவு, வேலை விரைவு என்பதால் இளம் பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள். சொல்லப்போனால் இதில் பெண்களின் கைக்கு வருவது சாப்பாட்டுக் காசு மட்டும்தான். வெயில் நைலோனைத் தின்னும், இரண்டு பருவத்தில் தையல் விடும். காலை எட்டு மணிக்குப் பிறகு உள்ளே இருக்க முடியாது. நிழலுக்காகப் பனைக்கீழ் அடித்தால் காவோலை தலையில் விழும். குளக்கரை என்றால் முதலை உண்டு. புளியங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானை வரும். கூடாரத்துக்குள் வாழைப்பழம் வைத்தால் ஆளையும் சேர்த்துத்தான் தேடி வரும். குளக்கட்டும் அதன் ஒதுக்கும் சங்கத்தின் சொத்தல்ல, நீர்ப்பாசனத் திணைக்களத்தையோ கமநல சேவை நிலையத்தையோ கேட்க வேண்டும். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, எல்லைக்குள் கூடாரமோ வள்ளமோ வனவிலங்குத் திணைக்கள அனுமதியின்றி முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே மிதிவெடி. பாவனையில் இல்லாத பற்றையைத் துப்புரவாக்கிக் கூடாரம் அடிக்கும் எண்ணம் வந்தால், கிளிநொச்சியிலுள்ள பிராந்திய மிதிவெடிச் செயற்பாட்டு அலுவலகத்தில் அந்த நிலம் விடுவிக்கப்பட்டதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விருந்தினர் நடக்கும் பாதைக்கும் இதே விதி. மாடு மேய்கிற இடம்தானே என்ற பேச்சு சாட்சி ஆகாது.

ஜனவரி முதல் மார்ச் வரை, வீட்டு அறைகள் நிறைந்த நாட்களில் மேலதிகமாக மூன்று நான்கு கூடாரம், ஒன்றரை அடி உயரப் பலகைத் தட்டில், யாரோ ஒருவரின் வேலியடைத்த வளவுக்குள். அந்த அளவோடு கூடாரம் நல்லது.

குத்தகை

கொம்பனி வந்து வருசக் குத்தகை இவ்வளவு, ஊர்ப்பெண்களுக்கு வேலை இவ்வளவு என்று சொல்லும். ஆள் வராத மாதத்திலும் குத்தகை வரும் என்பது இதன் பலம். ஆனால் நிலையான தொகைக்குப் பத்து வருசம் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது: அந்த செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். அதற்கு முதல் வருசம் எழுதிய குத்தகைக் காசு அரிசிக் கடையில் பாதியாகிப்போனது.

தொகையாக எழுதாமல் படுக்கை-இரவு வருமானத்தில் (ஆள் தங்கிய இரவுகளுக்கு வாங்கிய காசில்) சதவீதமாக எழுத வேண்டும். நமீபியாவில் தொரா என்ற சமூகம் 1990களின் நடுவில் ஒரு தனியார் முகாமோடு செய்த உடன்பாட்டில் படுக்கை-இரவு வருமானத்தின் 10 சதவீதம் சமூகத்துக்கு என்று எழுதப்பட்டது. அது பலருக்கு மாதிரியானது. நாம் அதோடு குறைந்தபட்சத் தொகை ஒன்றையும், பதிவுப் புத்தகத்தைச் சங்கம் மாதந்தோறும் பார்க்கும் உரிமையையும், மரக்கறி, மீன், பால் ஊரில் வாங்கும் பங்கையும், வரவேற்பிலும் கணக்கிலும் ஊர்ப்பெண்களைப் பயிற்றி அமர்த்தும் காலக்கெடுவையும் கேட்க வேண்டும். கடைசி வரி இல்லாவிட்டால் பெண்களுக்குக் கிடைப்பது சலவையும் பாத்திரமும்தான், குத்தகை முடியும்வரைக்கும்.

எந்த வழியானாலும் பிழைக்கும் இடங்கள்

முன்பதிவுத் தொலைபேசி யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் கணினி தெரிந்த ஒரு மகனிடம். அவன் வெளிநாடு போனால் இலக்கமும் கடவுச்சொல்லும் கூடப் போய்விடும், படங்களும் விருந்தினர் எழுதிய நற்சொல்லும் உள்ள இணையப் பக்கம் அனாதையாகும். சிம் சங்கத்தின் பெயரில், கடவுச்சொல் மூடிய உறையில் தலைவியிடமும் பொருளாளரிடமும். வங்கிக் கணக்கில் மூவரில் இருவர் கையொப்பம். இணைய முன்பதிவுத் தளங்கள் சுமார் 15 சதவீதம் எடுக்கும். அதை விலையில் சேர்க்காவிட்டால் அது திருத்த நிதியைத்தான் விழுங்கும்.

தொடக்க முதலுக்குக் கிழமைத் தவணையில் கட்டும் நுண்கடன் எடுக்காதீர்கள். விருந்தினர் காசு பருவத்துக்கு வருவது, தவணை ஒவ்வொரு செவ்வாயும் வருவது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசு அறிவிக்க வேண்டி வந்ததே, நிலைமை எங்கே போயிருந்தது என்பதற்குப் போதும். கட்டிலும் விரிப்பும் சங்கச் சுழல்நிதியில் வாங்கி, அறுவடைக்குப் பிறகு கட்டும் தவணையாக வையுங்கள்.

பதிவு என்று வந்தால், இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வீட்டுத் தங்கலுக்குத் தனி வகை வைத்திருக்கிறது. பிரதேச சபை, சுகாதாரப் பரிசோதகர் இரண்டையும் முதலில் முடித்தால் அங்கே வேலை சுருங்கும்.

எதை எடுப்பது

ஏ9 வீதியோடு கிடக்கும் ஊருக்கு, முறிகண்டியில் கச்சான் வாங்க நிறுத்தும் பயணி மத்தியானச் சோற்றுக்கும் நிறுத்துவார். அங்கே தங்குமிடமே வேண்டாம். 20 பேர் இருந்து சாப்பிடும் மால் ஒன்றும் துப்புரவான மலசலகூடமும் போதும், இலாபம் அறையைவிடச் சீராக வரும். கொக்கிளாய், சுண்டிக்குளம் போன்ற பறவைக் களத்துக்கு அரைமணி நேரத் தூரத்திலுள்ள ஊருக்கு நான்கு வீட்டு அறையும் பொதுக் குசினியும், தையில் கூடாரமும். பொது விடுதியை, வீட்டு அறைகள் இரண்டு பருவம் தொடர்ந்து ஆளைத் திருப்பி அனுப்பிய பிறகு பேசலாம். அப்போது திருப்பி அனுப்பிய பெயர்கள் வரிசைப் புத்தகத்தில் இருக்கும், கொடையாளருக்குக் காட்ட அதைவிட நல்ல திட்ட அறிக்கை இல்லை. குத்தகை, சங்கத்தில் கணக்குப் பார்க்கத் தெரிந்த மூன்று பேராவது உருவான பிறகு.

வீட்டு அறை என்று முடிவானால், பொங்கல் மெழுக்கு காய்ந்ததும் இரண்டு வீட்டில் மட்டும் பாதி விலைக்கு மூன்று இரவு வைத்துப் பாருங்கள். தாங்கியில் எத்தனை அங்குலம் இறங்கியது, அரிசி எவ்வளவு போனது, குசினிப் பெண்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று எழுதுங்கள். பத்து மணிக்கும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு இழுத்துவிட்டு நான்காம் இரவைத் தொடங்குங்கள்.